ஆணி அடித்த ஜன்னல்

தென்காசியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு சின்னப் பதிவு ஆபீஸ். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஐம்பதுகளில் அங்கே நகல் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தேன். ஜனங்கள் நிலம் வாங்கினாலும் விற்றாலும், மகளுக்குத் தானமாக எழுதிவைத்தாலும் அந்தப் பத்திரம் எங்களிடம் வரும். அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தில் கையால் எழுதிவைக்க வேண்டும். அசல் உரியவரிடம் திரும்பிப் போய்விடும். புத்தகம் எங்கள் ஆபீஸிலேயே காலாகாலத்துக்கும் இருக்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் வேலை கொடுத்தார்கள். கண் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிலக்காரரின் பழைய வீடு, வாடகைக்கு எடுத்தது. முன்கூடம் அதிகாரிக்கு. அங்கே இரண்டு பெரிய ஜன்னல்கள். ஆபீஸிலேயே ஒரே ஒரு மின்விளக்கு, அதுவும் அங்கேதான். அவர் அங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை குனிந்த தலை நிமிராமல் எழுதுகிற எங்களை எங்கே வைத்தார்கள் என்று கேளுங்கள். பின்கட்டில், அந்த வீட்டுக்காரர்கள் முன்பு நெல் மூட்டை அடுக்கிவைத்திருந்த அறையில். நெல் மூட்டைக்கு வெளிச்சம் தேவையில்லை. எங்களுக்கும் தேவையில்லை என்று யாரோ முடிவு பண்ணியிருக்க வேண்டும்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். மேற்குப் பார்த்தது. திறந்தால் குற்றால மலை முழுசாகத் தெரியும் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, ஏனென்றால் நான் போய்ச் சேர்ந்தபோதே அதில் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் சாரல் காலத்தில், ஒரு சனிக்கிழமை யாரோ ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார்கள். மலைக்காற்று சாரலை உள்ளே கொண்டுவந்து இரண்டு பதிவுப் புத்தகங்களை நனைத்துவிட்டது. திங்கள்கிழமை வந்து பார்த்தால் மூன்று பக்கத்தில் மை ஊறி எழுத்தே இல்லை. அதிகாரி பயந்துபோய் ஆசாரியைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லிவிட்டார். சாரல் வருஷத்தில் மூன்று மாசம்தான். மற்ற ஒன்பது மாசத்துக்கு அந்த ஆணியைப் பிடுங்கினால் என்ன? பிடுங்குவதற்கு உத்தரவு இல்லை. அடைக்கத்தான் உத்தரவு இருந்தது.

விளக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. பதிவுப் புத்தகம் இருக்கும் அறைக்குள் நெருப்பே ஆகாது. அரிக்கேன் விளக்கைக் கண்டால் அதிகாரி துள்ளிக் குதிப்பார். எங்கள் அறைக்கும் ஒரு மின்விளக்கு வேண்டும் என்று எழுதினேன். வாடகைக் கட்டடம், வீட்டுக்காரர்தான் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. வீட்டுக்காரரிடம் போனேன். "நானா ஜன்னல அடைச்சேன்? அடைச்சவன்ட்ட போய்க் கேளும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுபடி எழுதினேன். ஆவன செய்யப்படும் என்று வந்தது. அந்த இரண்டு பதில்களையும் நான் ரொம்ப நாள் பத்திரமாக வைத்திருந்தேன், என்ன பைத்தியக்காரத்தனமோ.

கடைசியில் என் சொந்தக் காசில் கூரைக்கு ஒரு கண்ணாடி ஓடு வாங்கிக் கொடுத்தேன். ஆசாரி ஏறி ஒரு நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு அதைச் செருகினான். வெளிச்சம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நேராக வாசலோர மூலையில் இருந்த தண்ணீர்ப் பானைமேல் விழுந்தது. பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை அந்தப் பானை ஜெகஜோதியாக இருக்கும். மேசையை அந்தப் பக்கம் நகர்த்தலாம் என்றால் இடையில் புத்தக அலமாரிகள். அவற்றை நகர்த்த அதிகாரி சம்மதிக்கவில்லை. அடுத்த சாரலில் அந்த ஓடும் ஒழுகியது. எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தினமும் மூன்று மணிக்குப் பொட்டில் ஒரு வலி வரும். நாலு மணிக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் யார் பேசினாலும் கோபம் வரும். சோற்றில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளியிருக்கிறேன், உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும். என் பெண்டாட்டி ஒருநாள், "ஆபீசுக்குப் போற ஆளு ஒருத்தரு, திரும்பி வார ஆளு வேற ஒருத்தரா இருக்கு" என்றாள். நான் அதற்கும் சண்டை போட்டேன். ஒரு அறை ஒரு மனுஷனை இப்படி ஆக்கும் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. தலையெழுத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு அந்த அறையில் இருந்தவர் என்னைவிட ரொம்ப மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை வேய் என்பார். அந்த அறைக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குள் பொழுதன்றைக்கும் சண்டை. அவர் மூக்குப்பொடி போடுவார். காற்றே இல்லாத அறையில் ஒரு ஆள் நாளைக்கு நாற்பது தடவை தும்மினால் அடுத்தவன் என்ன ஆவான்? "வெளிய போய்த் தும்மும் அண்ணாச்சி" என்றால், "வெளிய போனா வெளிச்சத்துல கண்ணு கூசுதுவே" என்பார். வேடிக்கைக்குச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். "இந்த ரூமுக்குள்ள மணி என்னன்னு வயிறு சொன்னாத்தான் உண்டு" என்பார். பத்திர வாசகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். தானமா, கிரயமா, ஒத்தியா, எதுவாயிருந்தாலும் முதல் வரியைச் சொன்னால் கடைசி வரி வரை கடகடவென்று சொல்வார்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவர் நகல் எழுதி முடித்ததும் இரண்டு பேரும் உட்கார வேண்டும். ஒருவர் அசலைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். மற்றவர் பதிவுப் புத்தகத்தில் வரிக்கு வரி பார்த்துக்கொண்டே 'ம்' போடுவார். விட்டுப்போனது, மாறிப்போனது எதுவானாலும் அங்கே பிடிபட்டுவிடும். பிறகு வாசித்தவர், ஒப்புநோக்கியவர் என்று இருவரும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஊர்க்காரனின் நிலமும் கிணறும் பாதையும் அந்த 'ம்'மில்தான் இருந்தன. நான் எழுதியதற்கு நான் வாசிப்பேன், அண்ணாச்சி ஒப்புநோக்குவார்.

ஒரு சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். சாரலை அனுபவிக்க எங்கெங்கிருந்தோ கூட்டம் வந்திருந்தது. எனக்கு அவர்களைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். அவர்கள் காசு கொடுத்துத் தேடிவருகிற அதே சாரல்தான் எங்கள் ஜன்னலை அடைத்தது. ஆனாலும் அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்தால் ஒரு வாரத்துத் தலைவலி அப்படியே இறங்கிப் போகும், அதற்காகத்தான் போவோம். நல்ல வெளிச்சம். வெயிலும் தூறலும் சேர்ந்திருந்தன. துண்டைக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி முன்னால் நடந்தார். நடந்தவர் நேராகப் பெண்கள் குளிக்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தார். வாழ்நாளில் அடுத்த வீட்டுப் பெண்ணை நிமிர்ந்து பார்க்காத மனுஷன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். ஒருத்தி சொம்பை எடுத்து ஓங்கிவிட்டாள்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணாச்சி, எங்க போறீய? அது பொம்பளைய பக்கம்."

"சோப்பு கண்ணுல பட்டுட்டுவே" என்றார்.

சோப்பு இன்னும் காகிதம் பிரிக்காமல் அவர் கையில்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் தெரிந்துகொண்டார்.

அன்றைக்கு நாங்கள் குளிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார். இரண்டு வருஷமாகவே இப்படித்தானாம். கண்ணுக்குள் புகை மாதிரி இருக்குமாம். எழுதுகிற வேலையைக் கைப்பழக்கத்தில் சமாளிப்பாராம். "எனக்கு இன்னும் ஒரு வருஷமும் நாலு மாசமும் இருக்கு. கண்ணு தெரியலன்னு வெளிய தெரிஞ்சா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிருவான். யார்ட்டயும் சொல்லிராதேயும்" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். "அந்த ரூமு எனக்கு ஒரு வகையில நல்லதாப் போச்சுவே. இருட்டுக்குள்ள எல்லார் கண்ணும் ஒண்ணுதான. நீரு ஜன்னலத் திறக்கச் சொல்லி எழுதுதீரு பாரும், அத மட்டும் கொஞ்சம் நிறுத்திவையும்."

அந்த அறைதான் அவர் கண்ணைத் தின்றது. இப்போது அவரை மறைத்துவைத்துக் காப்பாற்றுவதும் அதே அறைதான் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சரி என்றேன். அதற்குப் பிறகு ஜன்னலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஒப்புநோக்கும்போது அவர் 'ம்' போடுவார், நானும் வாசித்துக்கொண்டே போவேன். அந்த 'ம்'முக்குள் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதும்போதே இரண்டு மடங்கு கவனமாக எழுத வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். வைராக்கியத்தால் இருட்டு குறைந்துவிடுமா? ஆனால் அப்போது குறையும் என்றே நம்பினேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அச்சன்புதூரிலிருந்து ஒரு வயதான முஸ்லிம் பெரியவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு ஒரு மேட்டு நிலத்தில் பாதியைத் தானமாக எழுதியிருந்தார். அவள் புருஷன் தறி நெய்கிறவன். முன்கூடத்தில் ரேகை வைத்து எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பெண் தண்ணீர் குடிக்க எங்கள் அறை வாசல்வரை வந்தாள். பானையிலிருந்து மொண்டு குடித்துவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"இங்கனயா ஒக்காந்து எழுதுதீய? ஒண்ணுமே தெரியலையே" என்றாள்.

"எங்களுக்குப் பழகிட்டு" என்றேன்.

அவள் போகவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த நிலத்துல ஒரு கிணறு இருக்கு ஐயா. அதுல சரிபாதி எனக்குன்னு வாப்பா எழுதியிருக்காக. மத்தப் பாதி தம்பிக்கு. குளத்துத் தண்ணி அங்கன ஏறாது. கிணறு இல்லன்னா அந்த நிலத்துல ஒரு புல்லு முளைக்காது. நேத்து ராவுல பத்திரத்த எனக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். பாதி நிலம், அடுத்தது கிணறு, அடுத்தது வண்டிப்பாதை. நீங்களும் கிணத்த மறந்துராம எழுதிருங்க."

அன்றைக்கு எனக்குப் பத்துப் பத்திரம் பாக்கி இருந்தது. தலைவலி வேறு. "அசல்ல இருக்குறது நகல்லயும் இருக்கும் தாயி. இங்க யாரும் மறக்க மாட்டாங்க. போய்ட்டு வாங்க" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னேன். அவள் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் பத்திரம் என் மேசைக்கு வந்தது மூன்றாம் நாள். காலையிலிருந்தே சாரல் விடவில்லை. முற்றத்திலிருந்து கதவு வழியாக வருகிற கொஞ்சநஞ்ச வெளிச்சமும் அன்றைக்கு இல்லை. கதவைத் திறந்துவைத்தால் காற்று காகிதத்தைத் தூக்குகிறது என்று பியூன் வந்து ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனார். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு 'மேற்படி' என்ற வார்த்தை இல்லாமல் மூச்சுவிட முடியாது. எதையும் ஒருதரம் சொன்ன பிறகு மேற்படி நிலம், மேற்படி கிணறு, மேற்படி பாதை என்றுதான் போகும். அந்தப் பத்திரத்திலும் சொத்து விவரம் வரிக்கு வரி அப்படித்தான் தொடங்கியது. மேற்படி நிலத்தில் வடபாதியும் என்று ஒரு வரி. மேற்படி நிலத்தில் உள்ள கிணற்றில் சரிபாதிப் பாத்தியமும் என்று அடுத்த வரி. மேற்படி நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை உரிமையும் என்று அதற்கடுத்த வரி. நான் அசலில் வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்துக்கொண்டு, எட்டு வார்த்தை எழுதுவது, பேனாவை மையில் தோய்ப்பது, மறுபடி அசலைப் பார்ப்பது என்று எழுதிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒப்புநோக்க உட்கார்ந்தோம். நான் அசலைத் தூக்கிக் கதவிடுக்கு வெளிச்சத்துக்குக் காட்டி வாசித்தேன். அண்ணாச்சி புத்தகத்தின்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே 'ம்' போட்டார். கிணறு வரி வந்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. அதனால் அந்த வரியை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, சத்தமாக வாசித்தேன். "மேற்படி நிலத்தில் உள்ள கிணற்றில் சரிபாதிப் பாத்தியமும்." அண்ணாச்சி "ம்" என்றார். முடித்ததும், "சரியா இருக்குவே" என்றார். வாசித்தவர் என்று நான் கையெழுத்துப் போட்டேன். ஒப்புநோக்கியவர் என்று அவர் போட்டார். அவர் கையெழுத்து கோட்டைவிட்டு இறங்கிப்போயிருந்தது.

புத்தகத்தை என் பக்கம் திருப்பி ஒருதரம் நானே பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று பார்க்கவில்லை. இப்படி ஒரு மரியாதை.

அண்ணாச்சி யாருக்கும் தெரியாமலே அந்த ஒரு வருஷத்தை ஓட்டி, மாலை போட்டுக்கொண்டு ஓய்வுபெற்றுப் போனார். அவர் போனதும் நான் மறுபடியும் ஜன்னலுக்கு எழுத ஆரம்பித்தேன். என் கடிதத்தால் நடந்ததா, தானாக நடந்ததா தெரியாது. அறுபதுகளில் எங்கள் ஆபீஸுக்கென்று சர்க்காரே புதுக் கட்டடம் கட்டியது. நகல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு நீளமான அறை. நாலு ஜன்னல்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். சாரல் உள்ளே அடிக்காதபடி மேலே அகலமான சிமெண்டுத் தாழ்வாரம் இறக்கியிருந்தார்கள். இவ்வளவுதான் விஷயம். ஒரு முழ அகலத்துக்குத் தாழ்வாரம் இருந்திருந்தால் பழைய ஜன்னலிலும் ஆணி அடித்திருக்க வேண்டாம். பழைய வீட்டில் அதை யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

என் மேசை மேற்கு ஜன்னலை ஒட்டிக் கிடைத்தது. முதல் நாள் நான் வேலையே செய்யவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே நாளில் தலைவலி போய்விட்டது. எழுத்து மறுபடி நேராக நின்றது. மூன்று மணிக்கு மேலும் மனசு வேலையில் நின்றது. வீட்டில் தட்டைத் தள்ளுவது நின்றது. "இப்பத்தான் மனுஷனா வீட்டுக்கு வாரீய" என்றாள் பெண்டாட்டி. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. பத்துப் பதினோரு வருஷம் நான் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

அண்ணாச்சி ஒருநாள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு புது ஆபீஸைப் பார்க்க வந்தார். பார்க்க என்று சொல்லுவது தப்பு, அவருக்குப் பார்வை முழுசாகப் போயிருந்தது. என் நாற்காலியில் உட்கார வைத்தேன். முகத்தில் காற்று பட்டதும் கையை நீட்டி ஜன்னல் கம்பியைத் தொட்டார். ஒவ்வொரு கம்பியாக எண்ணினார். "பெரிய ஜன்னலாத்தான் இருக்கு" என்றார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அதே வருஷம் அச்சன்புதூர்ப் பெண் வந்தாள். நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அவள்தான் கண்டுகொண்டாள். வாப்பா மவுத்தாகிவிட்டார். தம்பி கிணற்றில் பம்புசெட்டு வைத்துக்கொண்டு இவளுக்குத் தண்ணீர் விடமாட்டேன் என்கிறான். கிணறு உனக்கு என்று காகிதத்தில் இருந்தால் காட்டு என்கிறான். அவளிடம் இருந்த அசலைப் பெட்டியோடு கரையான் தின்றுவிட்டது. "பரவாயில்ல, ஆபீசுல ஐயா எழுதிவச்சிருக்காகன்னு நான் பயப்படல" என்றாள். நகல் கேட்டு மனு கொடுத்தாள். மனு என் மேசைக்கே வந்தது.

புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்து. பழைய இருட்டு அறையில் எழுதியது. இந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. மேற்படி நிலத்தில் வடபாதியும். அதற்கு அடுத்து, மேற்படி நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை உரிமையும். இடையில் ஒன்றுமில்லை. மை தோய்க்கத் தலையைத் தூக்கிவிட்டுத் திரும்பினபோது என் கண் தப்பான மேற்படியில் போய் இறங்கியிருக்கிறது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில் எங்கேயாவது சேர்த்து எழுதியிருப்பேனோ என்று. இல்லை.

அதிகாரியிடம் போனேன். புது அதிகாரி, நல்ல மனுஷன். "அந்த வரியை நான்தான் விட்டுட்டேன் சார். அசல்ல இருந்துச்சு. என் வாயாலயே வாசிச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "அசல் இருந்தா இப்பவே குறிப்புப் போட்டுத் திருத்திரலாம். அசல் இல்லாம உங்க ஞாபகத்த வச்சு நான் என்ன செய்ய முடியும்? புத்தகத்துல உள்ளத உள்ளபடி எழுதிக் குடுக்கணும். அதுதான நகல்" என்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "நீங்க வேணும்னா எழுத்துமூலமாக் குடுங்க. ஆனா ஒப்புநோக்குனவரையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காரே, அவரு யாரு?"

அண்ணாச்சியின் கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டேன். எழுத்துமூலமாக ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் பென்ஷனுக்கு வினை வந்துவிடக் கூடாது, அவருக்காகத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அவருக்காக, பாதி பயம். இடத்துக்குத் திரும்பி வந்து, நல்ல காகிதத்தில், நல்ல மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் அந்தத் தப்பை அப்படியே எழுதினேன். அடியில் உண்மை நகல் என்று எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

வழக்கு என்று பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதற்கெல்லாம் அவர்களிடம் வசதி கிடையாது. என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நகல் வாங்க அவள் தனியாகத்தான் வந்தாள். கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினாள். "எனக்கு வாசிக்கத் தெரியாதே. நீங்களே ஒருதரம் வாசிங்க, கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வாப்பாவின் பெயர் வந்ததும் தலையை அசைத்தாள். மேற்படி நிலத்தில் வடபாதியும் என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

"அடுத்தது கிணறு. வாசிங்க" என்றாள்.

இல்லாத வரியை இன்னொரு தரம் என் குரலில் வாசித்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "அடுத்தது வண்டிப்பாதை, தாயி" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. பழைய அறை வாசலில் நின்று பார்த்தாளே, அதே பார்வை, என்மேல் இரக்கப்படுகிற பார்வை.

"கண்ணு சரியாத் தெரியலையோ ஐயா?" என்றாள். "அன்னைக்கும் இருட்டுக்குள்ள ஒக்காந்துதான் எழுதுனீய. அவசரமில்ல. நல்லா வெளிச்சத்துல வச்சு, மெதுவாப் பாருங்க. அங்கனதான் இருக்கும்."

காகிதத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. பளபளவென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் பொறுமையாக நின்றாள்.